ஸ்டியரிங் ஏன் தொளதொளன்னு ஆகுது? லோயர் ஆர்ம், புஷ், பால் ஜாயிண்ட் பற்றிச் சில குறிப்புகள்

பத்து வருஷத்துக்கு மேல் ஓடின கார் வச்சிருக்கிறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல சொல்ற வார்த்தை, "ஸ்டியரிங் முன்ன மாதிரி இல்ல." என்ன மாறிச்சுன்னு கேட்டா சரியாகச் சொல்ல வராது. பைபாஸில் நேராகப் போகும்போது வண்டி கொஞ்சம் அலையுது, திருப்பினா ஒரு நொடி யோசிச்சுத் திரும்புற மாதிரி இருக்கு, பிரேக் போட்டா ஒரு பக்கம் இழுக்குது. இப்படித்தான் ஆரம்பிக்கும். என்னுடைய 2009 ஸ்விஃப்ட் டீசல் 1,10,000 கி.மீ. தாண்டினப்ப இது மூணுமே இருந்தது. அப்போ படிச்சதையும், காருக்கு அடியில் படுத்துப் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிடறேன். தடிமனான ஸ்டெபிலைசர் பார், ஸ்ட்ரட் பார், பாலியூரித்தேன் புஷ் என்று அப்கிரேட் பட்டியல் நீளமா இருக்கு. ஆனா தேஞ்சுபோன பாகங்களைக் கம்பெனித் தரத்துக்கே புதுசாக்கி, முறையா இறுக்கினாலே நாம தேடுற ஃபீலில் பெரும்பகுதி திரும்ப வந்துடும். பழசான கார்ல அதைவிடப் பெரிய அப்கிரேட் கிடையாது.

ஸ்டியரிங் ஃபீல் எங்கிருந்து வருது? சைக்கிளை நினைச்சுப் பாருங்க. முன் ஃபோர்க் நேர்க்குத்தா இல்லாம, பின்பக்கம் சாஞ்சிருக்கும். அந்தச் சாய்வுக் கோட்டைக் கீழே நீட்டினா, டயர் தரையைத் தொடுற இடத்துக்குச் சற்று முன்னால் போய்த் தரையைத் தொடும். அதனால சக்கரம் எப்பவும் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இழுபட்டு வரும், தானாகவே நேராகப் பார்க்கும். காரிலும் இதே ஏற்பாடுதான், கேஸ்டர் என்று பேர். இதோட டயர் ரப்பரே தன் பங்குக்கு ஒண்ணு செய்யுது. வளைவில் திரும்பும்போது டயரின் பக்கவிசை, தரையைத் தொடும் பரப்பின் நடுவில் விழாம கொஞ்சம் பின்தள்ளி விழும். ரெண்டும் சேர்ந்து சக்கரத்தை நேராக்கப் பார்க்கும். அந்த எதிர்ப்புதான் டை ராட், ரேக், ஸ்டியரிங் காலம் வழியா ஏறி நம்ம உள்ளங்கைக்கு வருது. ஈர ரோட்டில் முன் டயர் பிடி விடப்போகுதுன்னா, விசை விழும் இடம் மெல்ல நடுவுக்கு நகர்ந்து ஸ்டியரிங் லேசாகும். பழகின கைக்கு அது வண்டி வழுக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். தெரிஞ்சா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுக்க நேரம் கிடைக்கும். அதனாலதான் இதை வெறும் சுகமான விஷயமா நான் பார்க்கிறதில்லை.

இந்தச் செய்தி வர்ற வழியில் ரெண்டு விதமான திருடர்கள் உண்டு. ஒண்ணு ஆட்டம், இன்னொண்ணு உராய்வு.

முதல்ல ஆட்டம். டை ராட் எண்டில் வெறும் 1 மி.மீ. ஆட்டம் இருக்குன்னு வைங்க. சக்கரத்தோடு சேர்ந்த ஸ்டியரிங் ஆர்மின் நீளம் சுமார் 13 செ.மீ. என்று எடுத்துக்கிட்டா, அந்த 1 மி.மீ. சக்கரத்தில் 0.44 டிகிரி. ஸ்டியரிங் விகிதம் 16-க்கு 1 என்றால் கையில் 7 டிகிரி. 37 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் அளந்தா ரெண்டு சென்டிமீட்டருக்கு மேலே வரும்! நெடுஞ்சாலையில் நேராகப் போக நாம செய்ற திருத்தங்கள் பெரும்பாலும் சில டிகிரிக்குள்ளதான். அதாவது நம்ம திருத்தம் மொத்தமும் அந்த இடைவெளிக்குள்ளேயே தொலைஞ்சு போகுது. வளைவில் இது தெரியாது. அங்கே விசை ஒரே பக்கமா அழுத்துறதால இடைவெளி ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டே இருக்கும். நேர்ரோட்டில் விசை இடமும் வலமும் மாறும்போதுதான் "நடுவுல ஒண்ணுமே இல்லாத" உணர்வு வருது.

அடுத்தது உராய்வு. இதை ரொம்பப் பேர் கண்டுக்கிறதில்லை. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டிகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினா ஸ்பிரிங்கோட சேர்ந்து ஸ்ட்ரட் முழுசும் சுழலும். (ஏர்ல் மெக்ஃபர்சன் வடிவமைச்ச இந்த ஏற்பாட்டை 1950-களின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் ஃபோர்டு கான்சல் கார்கள் பிரபலமாக்கின. மலிவு, இடமும் குறைவு என்பதால் இன்னைக்கும் சின்னக் கார்களில் இதுதான்.) ஸ்ட்ரட் உச்சியில், பானட்டைத் திறந்தா தெரியுற இடத்தில், ஒரு பேரிங் இருக்கும். மண்ணும் மழைத்தண்ணியும் போய் அது இறுகிட்டா, ஸ்பிரிங் சுழல முடியாம முறுக்கிக்கும். ஒரு கட்டத்தில் "டங்"ன்னு விடுபடும். திருப்பின பிறகு ஸ்டியரிங் தானா நேராகலைன்னா முதல் சந்தேகம் இந்தப் பேரிங் மேலதான் வரணும். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் இந்த உராய்வை மறைச்சுடும், திருப்பும்போது கனமே தெரியாது. திரும்பி வரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் இந்த ரெண்டு வகையிலும் சேராத ஒரு தனி ஆள். ஆர்மில் பொதுவா ரெண்டு புஷ் இருக்கும். முன் புஷ் கொஞ்சம் கெட்டி, பக்கவாட்டு விசையைத் தாங்கும். பின் புஷ் வேணும்னே மெதுவா செஞ்சது. குழியில் விழும்போது சக்கரம் ஒரு நூலிழை பின்னால் போய் அடியை வாங்கிக்கணும் என்பதற்காக. பல கார்களில் அந்த ரப்பருக்குள்ளேயே ஓட்டை விட்டிருப்பாங்க. வருஷக்கணக்கில் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கி ரப்பர் கிழிஞ்சா, பிரேக் போடும்போது சக்கரத்தின் அடிப்பாகம் அளவுக்கு மீறிப் பின்னால் போகும். கேஸ்டர் குறையும், சக்கரம் பார்க்கும் திசையும் மாறும். இடது வலது ரெண்டும் ஒரே அளவு கிழியாது இல்லையா? அதனாலதான் பிரேக் போட்டா ஒரு பக்கம் இழுப்பு. பிரேக் பேடை மாத்தி மாத்திப் பார்த்தாலும் போகாது.

எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னது, "சார், ஸ்டியரிங் ரேக் முழு செட் போட்டுடலாம் சார், அதான் பெர்மனென்ட்." ரேக் தேயாதுன்னு சொல்லலை. ஆனா மற்ற எல்லாத்தையும் சோதிச்ச பிறகு கடைசியாத் தொடவேண்டிய பாகம் அது, விலையும் அதுக்குத்தான் அதிகம். நான் வீட்டுக்கு வந்து நானே பார்த்தேன். அதுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

முதலில் டயர். காற்று சரியா இருக்கான்னு பார்த்துட்டு, பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணையும் பாருங்க. 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. கட்டையாகிப்போன டயரை வச்சுக்கிட்டு சஸ்பென்ஷனைத் தேடறது வீண். அப்புறம் ஒரு பக்கம் ஜாக்கி வச்சுத் தூக்கி, ஸ்டாண்டு முட்டுக் கொடுத்துட்டு (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீங்க), சக்கரத்தை இடமும் வலமும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா டை ராட் எண்டோ அதுக்கு உள்ளே இருக்கும் ஜாயிண்டோ. மேலும் கீழும் பிடிச்சு ஆட்டினா ஆடுதுன்னா பால் ஜாயிண்டாவும் இருக்கலாம், வீல் பேரிங்காவும் இருக்கலாம். பிரிச்சுப் பார்க்க ஒரு எளிய வழி: இன்னொருத்தரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்னுட்டா பேரிங், நிக்கலைன்னா பால் ஜாயிண்ட். லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கு ஒரு சின்னக் கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினா ரப்பர் கிழிசல் வாயைத் திறந்து காட்டும்.

எனக்கு மிகவும் பிடிச்ச சோதனை இன்னொண்ணு. வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிக்கணும், எஞ்சின் ஓடணும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும். ஒருத்தர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமா இடமும் வலமும் அசைக்க, நீங்க பக்கத்தில் குனிஞ்சு டை ராட் எண்ட் மேல விரலை வைங்க. தேஞ்ச ஜாயிண்ட் விரல்ல "டிக் டிக்"ன்னு சொல்லும். என் வண்டியில் இடது டை ராட் எண்ட் சொல்லிச்சு. ரெண்டு பக்கமும் பின் புஷ் கிழிசல், வலது பக்க ஸ்ட்ரட் பேரிங் கரகர. ரேக்கில் ஒரு குறையும் இல்லை.

பால் ஜாயிண்ட் மட்டும் தள்ளிப்போடக் கூடாத சமாச்சாரம். மத்ததெல்லாம் தேஞ்சா வண்டி மோசமா ஓடும். இது கழண்டா சக்கரம் அப்படியே மடங்கிடும். பூட் கிழிஞ்சு கிரீஸ் வெளியே தெரிஞ்சாலே மாத்திடறது நல்லது. ஸ்விஃப்ட்டில் பால் ஜாயிண்ட் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வருது, அதனால நான் ஆர்மையே முழுசா வாங்கினேன், ரெண்டு பக்கமும். புஷ்ஷை மட்டும் மாத்துறதா இருந்தா ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிற பட்டறைக்குப் போங்க. சுத்தியலால் அடிச்சு ஏத்தினா புஷ்ஷின் இரும்பு உறை நசுங்கிடும். ஓட்டை உள்ள புஷ்ஷை எந்தத் திசையில் வைக்கணும்னு பழசைப் பார்த்துக் குறிச்சு வச்சுக்கணும். போலிச் சரக்கு இந்த வகைப் பாகங்களில் நிறைய. கம்பெனி டீலர் கவுன்ட்டரிலோ நம்பிக்கையான மொத்தக் கடையிலோ பில்லோட வாங்கறதுதான் என் பழக்கம்.

இப்போ மொத்த வேலையிலும் அடிக்கடி கோட்டை விடுற இடம். ரப்பர் புஷ்ஷில் உள் குழாய், ரப்பர், வெளி உறை மூணும் ஒட்டவச்சது. ஆர்ம் ஏறி இறங்கும்போது எதுவும் வழுக்கறதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது ஆர்மும் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கிட்டா, அதுதான் ரப்பரின் இயல்பு நிலைன்னு ஆயிடும். வண்டியை இறக்கினதும் புத்தம்புது புஷ் நிக்கும்போதே முறுக்கிக்கிட்டு நிக்கும், சீக்கிரமே கிழியும். "போன வருஷம்தான் புஷ் மாத்தினேன், மறுபடி போச்சு" என்று சொல்றவங்க கதையில் பாதி இதுதான்னு நினைக்கிறேன். செய்ய வேண்டியது ஒண்ணுதான். போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கி விட்டு, வண்டியை ராம்ப்பிலோ குழி மேலோ சக்கரத்தில் நிறுத்தி, முழு எடையும் இறங்கின பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்கணும். என் மெக்கானிக் அண்ணன்கிட்ட இதைச் சொன்னப்ப, "இதுக்குப் போய் ரெண்டு தடவை ஏத்தி இறக்கணுமா சார்?"ன்னு சலிச்சுக்கிட்டார். "ஆமாண்ணே, கூலி சேர்த்துத் தரேன்"னதும் செஞ்சு கொடுத்தார். லாக் நட், காட்டர் பின் எல்லாம் புதுசுதான் போடணும்.

பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமா? அது ரப்பரை விடக் கெட்டி. ரேஸ் ட்ராக்கில் அதுக்கு மதிப்பு உண்டு. ஆனா அது முறுக்கிக்கிறதில்லை, உள் குழாய் மேல சுழலும். கிரீஸ் காஞ்சா கீச்சுக் கீச்சுன்னு கத்தும். அதோட லோயர் ஆர்ம் பின் புஷ்ஷின் அசைவு ஒரே அச்சில் இருக்காது. கெட்டியான பொருளை அங்கே வச்சா இறுகிப் பிடிக்கும், குழியின் அடி நேரா பாடிக்குப் போகும். நம்ம ஊர் ரோட்டுக்கு அது தேவையில்லைங்கறது என் கருத்து. ஆசையா இருந்தா ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷில் மட்டும் போட்டுப் பாருங்க. அங்கே பாதிப்பு குறைவு, வளைவில் வண்டி சாயற வேகம் கொஞ்சம் கட்டுப்படும்.

எல்லாம் முடிஞ்ச பிறகுதான் அலைன்மென்ட். இந்த மாதிரி சின்னக் கார்களில் முன்பக்கம் திருத்த முடியுறது டோ மட்டும்தான். கேஸ்டர், கேம்பர் ரெண்டையும் மெஷின் காட்டும், மாத்த ஏற்பாடு இருக்காது. ஆனாலும் அந்தத் தாளை வாங்கி வச்சுக்கோங்க. புதுப் பாகங்கள் போட்ட பிறகும் ஒரு பக்கக் கேஸ்டர் மட்டும் தனியா விலகி நின்னா, எங்கேயோ வளைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

என் வண்டியில் பிரேக் இழுப்பு அன்னைக்கே போச்சு. நேர்ரோட்டில் கை வேலை குறைஞ்சது, திண்டிவனம் போய் வந்தா தோள் வலிக்கறதில்லை. ஆகமொத்தச் செலவு நாலு நல்ல டயரின் விலையை விடக் குறைவுதான். ஸ்ட்ரட் ரெண்டும் இன்னும் பழசு. எண்ணெய்க் கசிவு இல்லாததால அடுத்த டயர் மாத்தும்போது பார்த்துக்கலாம்னு விட்டு வச்சிருக்கேன்.