ஒரு செடியாவது மருந்தின்றி இருக்கட்டும்

பள்ளிப்பட்டில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் ஒட்டியிருப்பதாக எண்ணி இலையைக் கிள்ளப் போனேன். “அப்பா, அது நகருது!” என்றாள் மகள். பூச்சிமருந்தைத் தேடிய என் கையை அவளது வியப்பு தடுத்தது.

அது ‘கறிவேப்பிலை அழகி’ வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. எச்சம் போன்ற தோற்றம், பறவைகளை ஏமாற்றும் உத்தி. வளர்ந்தபின் பச்சை நிறமாகும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த கொம்பை நீட்டி நாற்றம் பரப்பும். பிறகு கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ 10 நாள்களில் சிறகு விரிக்கும்.

2019-இல் ‘தமிழ் மறவன்’ மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. மலைக்காடுகளில் வாழும் அதை எல்லாக் குழந்தைகளும் காண இயலாது. கொல்லைப்புறத்து அழகியைக் காணலாம். புழுவைக் கண்டு முகம் சுளிப்பதைக் குழந்தைகள் நம்மிடமே கற்கின்றனர். சில இலைகள் போனால் போகட்டும், வியப்பு மிஞ்சட்டும்.