விம் உரைத்தொகுப்பியின் அமைவுகளும் தமிழ் மின்பனுவலும்

ஆய்வுச்சுருக்கம்

முனையத்தில் இயங்கும் உரைத்தொகுப்பிகளுள் பரவலாகப் பயன்படுவது விம். இதன் அமைவுகளுள் சில திரையில் தோன்றும் காட்சியை மட்டுமே மாற்றுவன. வேறு சில வட்டில் சேமிக்கப்படும் பனுவலையே மாற்றுவன. தமிழ்ப் பனுவல்களைக் கையாளும் ஆய்வாளர் இவ்விரண்டையும் பிரித்தறியாவிடில் மூலபாடம் தாமறியாமலே திரிபடைய வாய்ப்புண்டு. குறியாக்கம், வரி முறிப்பு, தட்டச்சு, எழுத்து நீக்கம், தேடல் ஆகிய இடங்களில் இவ்வேறுபாடு செயற்படும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விம், உரைத்தொகுப்பி, ஒருங்குறி, திஸ்கி, உயிர்மெய், மூலபாடம்

முன்னுரை

பில் ஜாய் 1976இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வி.ஐ. என்னும் தொகுப்பியை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் தனி விசைகளாக இல்லை. எச், ஜே, கே, எல் என்னும் எழுத்து விசைகளின்மேல் அவை பொறிக்கப்பட்டிருந்தன. அதனாலேயே இடஞ்சுட்டியை நகர்த்த இன்றும் அந்நான்கு விசைகள் வழங்குகின்றன. இம்மரபைப் பின்பற்றி பிராம் மூலனார் 1991இல் அமிகா கணினிக்காக வெளியிட்டதே விம். ஒருங்குறியின் யு.டி.எஃப்.-8 வடிவத்துக்கான ஆதரவு 2001இல் வெளிவந்த 6.0 பதிப்பில் இடம்பெற்றது. ஓர் எழுத்து, ஒரு விசை, திரையில் ஒரு கட்டம் என்ற கருத்தின்மேல் எழுந்த கருவிக்குள் தமிழ் பின்னரே வந்து சேர்ந்தது. கீழே விளக்கப்படும் இடர்ப்பாடுகளுட் பலவற்றுக்கு இதுவே வேர்.

பெருந்தொகையான பனுவல்களைக் கொண்ட தரவகங்கள் பெரும்பாலும் லினக்ஸ் வழங்கிகளில் வைக்கப்படுகின்றன. தொலைவிலிருந்து அவற்றைத் திருத்துவோருக்கு முனையத் தொகுப்பியே எளிய வழி. எனவே இது கணினித் துறையாருக்கு மட்டும் உரிய பொருளன்று.

இக்கட்டுரையில் அமைவுகளின் பெயர்கள் ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன. இயக்கும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியின்றி உள்ளிட வேண்டும்.

அமைவுக் கோப்பும் இயல்பு மதிப்புகளும்

பயனரின் அமைவுகள் 'விம்ஆர்சி' என்னும் கோப்பில் எழுதப்படுகின்றன. லினக்ஸில் இது பயனரின் முதன்மைக் கோப்புறையில், பெயருக்கு முன் ஒரு புள்ளியுடன் இருக்கும். விண்டோஸில் புள்ளிக்குப் பதிலாக அடிக்கோடு இடலாம். 2016இல் வெளிவந்த 8.0 பதிப்பு முதல், இக்கோப்பு இல்லாதவருக்கு 'டிஃபால்ட்ஸ்' என்னும் பொதுக் கோப்பு தானாக ஏற்றப்படுகிறது. பயனர் தமக்கென விம்ஆர்சி ஒன்றை உருவாக்கிய உடனே, அது வெற்றுக் கோப்பாக இருப்பினும், அப்பொதுக் கோப்பு ஏற்றப்படுவதில்லை. ஒரேயொரு வரியைச் சேர்த்ததும் வண்ணங்களும் தேடல் வசதிகளும் மறைந்துவிட்டன என்று புதிய பயனர்கள் வியப்பதற்குக் காரணம் இதுவே. பொதுக் கோப்பையும் ஏற்றுமாறு விம்ஆர்சியின் தொடக்கத்தில் எழுதிவிட்டால் இச்சிக்கல் நீங்கும்.

ஓர் அமைவின் நடப்பு மதிப்பை மட்டுமன்றி, அம்மதிப்பை இறுதியாக எந்தக் கோப்பு இட்டது என்பதையும் விம் தெரிவிக்கும். 'வெர்போஸ் செட்' என்னும் கட்டளையுடன் அமைவின் பெயரையும் வினாக்குறியையும் இட்டால் போதும். மற்றொருவரின் அமைவுக் கோப்பைப் படியெடுத்துப் பயன்படுத்துவோர் முதலில் கற்க வேண்டிய கட்டளை இது.

காட்சியை மட்டும் மாற்றும் அமைவுகள்

வரியெண், வண்ணம், திரை விளிம்பில் வரியை மடித்துக் காட்டும் 'ராப்', சொல்லின் நடுவே மடிக்காமல் காக்கும் 'லைன்பிரேக்' ஆகியன காட்சி அமைவுகள். இவற்றை எவ்வாறு மாற்றினும் கோப்பின் ஒரு பைட்டும் மாறாது. ஆதலின் இவை குறித்து விரித்துரைக்கத் தேவையில்லை.

எனினும் தமிழுக்கே உரிய ஒரு காட்சிப் பிழை இங்குக் குறிப்பிடத்தக்கது. ஒருங்குறி, தமிழின் சார்பு எழுத்துக்குறிகளை ஒரே வகையாகக் கொள்ளவில்லை. புள்ளியும் ஈகாரக் குறியும் இடங்கொள்ளாக் குறிகள் என்றும், ஆகாரம், இகரம், உகரம், எகரம் முதலியவற்றின் குறிகள் இடங்கொள்ளும் குறிகள் என்றும் வகுக்கப்பட்டுள்ளன. இவ்வகைப்பாட்டை அப்படியே பின்பற்றும் முனையங்களில் 'கீ' ஒரு கட்டத்தையும் 'கி' இரண்டு கட்டங்களையும் பெறும். விம்மோ எல்லாக் குறிகளையும் முன்னுள்ள எழுத்தோடு இணைத்து ஒரே கட்டமாக எண்ணுகிறது. முனையத்தின் கணக்கும் தொகுப்பியின் கணக்கும் ஒவ்வாதபோது இடஞ்சுட்டி ஓரிடத்தில் தோன்றும். திருத்தமோ வேறிடத்தில் நிகழும். வரியின் இறுதியில் நீக்கப்பட்ட எழுத்து திரையில் எஞ்சி நிற்பதும் உண்டு.

இதனை முழுமையாகத் தீர்க்கும் அமைவு விம்முக்குள் இல்லை. குறிகளை விம்மைப் போலவே கணக்கிடும் முனையத்தைத் தேர்வதோ, விம்மின் சாளர வடிவத்தைப் பயன்படுத்துவதோ தக்கது. காட்சி பிழையாயினும் கோப்பு பிழையற்றது என்பதை நினைவிற்கொள்ளல் இன்றியமையாதது. மிகையாகத் தோன்றும் எழுத்தை மெய்யென நம்பி நீக்க முற்படும்போதுதான் மூலம் சிதைகிறது. ஐயம் எழுமிடத்தில் கண்ட்ரோல் விசையுடன் எல் விசையை அழுத்தித் திரையைப் புதிதாக வரையச் செய்யலாம். ஜி, ஏ விசைகளை அடுத்தடுத்து அழுத்தினால் இடஞ்சுட்டியின் கீழுள்ள எழுத்தும் அதனோடு இணைந்த குறிகளும் தத்தம் குறியெண்களுடன் தோன்றும்.

பனுவலை மாற்றும் அமைவுகள்

'டெக்ஸ்ட்விட்த்' என்னும் அமைவு காட்சிக்குரியதுபோல் தோன்றினும் அத்தகையதன்று. இதற்கு 78 என்னும் மதிப்பு இருப்பின், தட்டச்சிடும்போது அவ்வளவைக் கடக்கும் வரியை விம் உண்மையாகவே முறித்துப் புதுவரிக் குறியைச் செருகும். இயல்பு மதிப்பு 0 என்பதால் தொடக்கத்தில் தீங்கில்லை. ஆனால் விம்முடன் வழங்கப்படும் மாதிரி விம்ஆர்சி, உரைக் கோப்புகள் அனைத்துக்கும் 78 என்னும் மதிப்பை இடுகிறது. பலரும் அதனையே படியெடுத்துத் தொடங்குகின்றனர்.

குறுந்தொகைப் பாடல்கள் 4 முதல் 8 அடி வரை அமைந்தவை. அடிக்கு ஒரு வரியாகப் பதியும்போது இவ்வமைவு இடையூறு செய்யாது. நாற்சீரடியின் எழுத்துகள் 78ஐ எட்டுவதில்லை. பாடல் முழுவதையும் பாடல் எண்ணுடன் ஒரே வரியில் பதியும் தரவுக் கோப்புகளில் நிலை வேறு. அத்தகைய நெடுவரியின் இறுதியில் ஒரு சொல்லைச் சேர்த்தாலும் வரி முறியும். ஒரு பதிவு இரண்டாகும். பின்னர் வரிகளை எண்ணும் நிரல் பாடல் தொகையைத் தவறாகக் காட்டும். 'எக்ஸ்பேண்ட்டேப்' என்னும் அமைவும் இவ்வாறே. நிரலாளர்க்கு உகந்த இது, தாவல் விசை அழுத்தப்படுமிடத்தில் வெற்றிடங்களை இடுகிறது. தாவல் குறியால் பகுக்கப்பட்ட சொல்லடைவில் புதிய பதிவைச் சேர்க்கும்போது அப்பதிவு மட்டும் நிரலால் படிக்க இயலாததாகிவிடும். இவ்விரண்டு அமைவுகளையும் எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவாக இடாமல், கோப்பு வகைக்கேற்ப 'செட்லோக்கல்' கட்டளையால் இடுவதே பாதுகாப்பானது.

இவற்றினும் இடர் மிகுந்தது குறியாக்கம். விம்மில் 'என்கோடிங்' என்பது நினைவகத்தில் பனுவலை வைக்கும் முறையையும், 'பைல்என்கோடிங்' என்பது ஒரு கோப்பை வட்டில் எழுதும் முறையையும், பன்மை வடிவமான 'பைல்என்கோடிங்ஸ்' என்பது கோப்பைத் திறக்கும்போது வரிசையாகச் சோதிக்க வேண்டிய குறியாக்கங்களின் பட்டியலையும் குறிக்கின்றன. ஒரே பெயரின் ஒருமையும் பன்மையும் வெவ்வேறு பணிகளைச் செய்வது மயக்கம் தருவதே. யு.டி.எஃப்.-8 சூழலில் அப்பட்டியலின் இறுதியில் நிற்பது லத்தீன்-1. எந்த பைட்டையும் அது ஏற்கும் என்பதால், முன்னுள்ளவை பொருந்தாத எக்கோப்பும் லத்தீன்-1 ஆகவே திறக்கப்படும். பிழை என்ற அறிவிப்பு எதுவும் வராது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்னூல்கள் திஸ்கி குறியாக்கத்தில் வெளிவந்தன. பழைய வட்டுகளிலும் தனியார் சேமிப்புகளிலும் அக்குறியாக்கத்தில் அமைந்த கோப்புகள் இன்றும் கிடைக்கின்றன. திஸ்கி எட்டு பிட் குறியாக்கம். எகர, ஏகார, ஐகாரக் குறிகளை எழுதும் வரிசைப்படி மெய்க்கு முன்பே சேமிப்பது. இத்தகைய கோப்பை விம்மில் திறந்தால் லத்தீன் எழுத்துகளின் குவியலே தோன்றும். அந்நிலையில் பைல்என்கோடிங் மதிப்பை யு.டி.எஃப்.-8 என மாற்றிச் சேமித்தால் தமிழ் மீளும் எனப் பயனர் எதிர்பார்க்கலாம். நிகழ்வதோ வேறு: தவறாகப் படிக்கப்பட்ட அந்த லத்தீன் எழுத்துகளே ஒருங்குறியில் நிலைபெறும். வேறு திருத்தம் ஏதும் செய்யாதிருப்பின், அக்கோப்பை மீண்டும் திறந்து பைல்என்கோடிங் மதிப்பை லத்தீன்-1 ஆக்கிச் சேமித்துப் பழைய பைட்டுகளைப் பெறலாம்.

முறையான வழி, படிக்கும்போதே குறியாக்கத்தைக் குறிப்பிடுவது. கோப்பை மீளத் திறக்கும் 'இ' கட்டளையுடன் இரண்டு கூட்டல் குறிகளும் 'என்க்' என்பதும் சமக்குறியும் திஸ்கியின் ஐந்தெழுத்து ஆங்கிலப் பெயரும் இட வேண்டும். விம் இம்மாற்றத்தை ஐகான்வ் என்னும் வசதியிடம் ஒப்படைக்கிறது. லினக்ஸின் குனு சி நூலகத்திலுள்ள ஐகான்வ் திஸ்கியை அறிந்தது. தமிழ் சரியாகத் தோன்றிய பின்னரே பைல்என்கோடிங் மதிப்பை மாற்றி, வேறு பெயரில் சேமிக்க வேண்டும். மூலக் கோப்பை எழுத்தழிக்காமல் வைத்திருப்பது சுவடியைப் படியெடுத்தபின் சுவடியையும் காப்பதற்கு ஒப்பானது. திரையின் அடியில் தோன்றும் நிலைவரியில் பைல்என்கோடிங் மதிப்பு எப்போதும் தெரியுமாறு 'ஸ்டேட்டஸ்லைன்' அமைவை எழுதிக்கொண்டால், கோப்பு லத்தீன்-1 ஆகத் திறக்கப்பட்டதை முதல் நோக்கிலேயே அறியலாம்.

தட்டச்சும் கட்டளையும்

விம்மில் எழுதும் நிலை வேறு, கட்டளை நிலை வேறு. கட்டளைகள் ஆங்கில எழுத்துகளால் ஆனவை. இயங்குதளத்தின் தமிழ்99 விசைப்பலகை இயங்கும்போது கட்டளை நிலைக்குத் திரும்பினால் எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளும் முறையே க, ப, ம, த எழுத்துகளை அனுப்பும். கட்டளை எதுவும் நிகழாது. 'லாங்மேப்' அமைவின்வழி 'க' வந்தால் எச் எனக் கொள்ளுமாறு கூறலாம். ஆயின் தமிழ்99இல் ஒரே மெய்விசையை இருமுறை அழுத்தினால் முதலெழுத்து தானாகப் புள்ளி பெறும். இரண்டு வரி கீழிறங்க ஜே விசையை இருமுறை தட்டுபவருக்கு இடையில் ஒரு புள்ளியும் வந்து சேர, கட்டளை குழம்பும். ஆதலின் இயங்குதளத்தை ஆங்கிலத்திலேயே விட்டு, விம்மின் 'கீமேப்' அமைவைப் பயன்படுத்துவது மேல். அது கட்டளை விசைகளைத் தொடாமல், பனுவல் எழுத்துகளை உள்ளிடும்போது மட்டுமே செயற்படுவது. கண்ட்ரோல் விசையுடன் மேற்கூரைக் குறியை அழுத்தி அதனை இயக்கவும் நிறுத்தவும் முடியும். விம்முடன் திஸ்கிக்கான கீமேப் கோப்பு ஒன்று வருகிறது. ஒருங்குறிக்கு வேண்டுவோர், அழுத்தும் விசைகளையும் தோன்ற வேண்டிய எழுத்தையும் இரு பத்தியாக எழுதித் தாமே ஒன்றை ஆக்கிக்கொள்ளலாம்.

உயிர்மெய்யும் நீக்கமும்

தொல்காப்பியர் மெய்யின் இயல்பைப் புள்ளியொடு நிற்றலாகக் கொண்டார். உயிர் ஏறும்போது அப்புள்ளி நீங்குகிறது. ஒருங்குறி இதனைத் தலைகீழாக்கி, அகரம் ஏறிய மெய்யை அடிப்படையாகவும் புள்ளியை அதன்மேல் இடப்படும் குறியாகவும் வைத்தது. இலக்கணக் கோட்பாடு ஒருபுறம் இருக்க, நீக்கும் விசை எதனை நீக்க வேண்டும் என்ற வினா இங்கு எழுகிறது. விம்மின் இயல்பு நிலையில் 'கொ' முழுவதும் ஒரே அழுத்தத்தில் நீங்கும். 'டெல்கம்பைன்' அமைவை இயக்கினால் குறி மட்டும் நீங்கி 'க' எஞ்சும். குறில் நெடில் மயக்கங்களைத் திருத்துவோருக்கு இது பெரிதும் உதவும். எழுத்தெண்ணி நீக்குவோர் இதனை நிறுத்தியே வைக்க வேண்டும். ஏனெனில் இவ்வமைவு இயங்கும்போது எக்ஸ் விசையை இருமுறை அழுத்துவதும் இரண்டு என்னும் எண்ணோடு ஒருமுறை அழுத்துவதும் வெவ்வேறு விளைவைத் தரக்கூடும்.

தேடல்

ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் பதியலாம். எகரக் குறியும் ஆகாரக் குறியுமாகப் பிரித்தும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரத்தின்படி நிகரானவையும்கூட. விம் அவற்றை இசைவிப்பதில்லை. ஒருவகையில் பதிந்த 'கொடி'யைத் தேடினால் மற்றொரு வகையில் பதிந்த 'கொடி' அகப்படாது. பல கைகளால் தட்டச்சிடப்பட்ட தொகுப்பில் ஒரு சொல்லின் பயில்வெண்ணைக் கணக்கிடுவோர், தேடும் முன்னர் பனுவலை ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும்.

தேடல் வடிவத்தில் எவ்விடத்தேனும் பின்சாய்கோட்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்து இசட்டையும் இட்டால், விம் இணைகுறிகள் அனைத்தையும் பொருட்படுத்தாது அடிப்படை எழுத்துகளை மட்டும் ஒப்பிடும். 'பட' எனத் தேடினால் 'பாடு', 'பிடி', 'பெட்டி' யாவும் அகப்படும். பொதுப் பயனர்க்கு இது இரைச்சல். சுவடிப் படிகளை ஆராய்வோருக்கோ இதில் பயன் உண்டு. ஓலைச்சுவடிகளில் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. சுவடியில் உள்ளவாறே பெயர்த்தெழுதிய ஒரு தொடருக்கு அச்சுப் பதிப்பில் இணையான இடத்தைக் காண இத்தேடல் வழிசெய்கிறது. ஆனால் சுவடியில் ரகரமும் ஆகாரக் குறியும் ஒரே வடிவினவாக எழுதப்படும் மயக்கத்துக்கு இது உதவாது. ஒன்று அடிப்படை எழுத்து, மற்றொன்று இணைகுறி. அவ்விடங்களில் இரு பாடங்களையும் தேடல் வடிவத்திலேயே மாற்றுகளாக எழுதியே தேட வேண்டும்.