'கெலிங்': ஊர்ப்பெயர் வசவுச் சொல்லான கதை

மலேசியத் தமிழர் ஒருவரைக் கோபப்படுத்த நீண்ட வசனம் தேவையில்லை. 'கெலிங்' என்ற ஒரு சொல் போதும். பள்ளித் திடலிலும் சாலைத் தகராறிலும் அந்தச் சொல் விழுந்த மறுகணமே கைகலப்பில் முடிந்த சம்பவங்கள் உண்டு. ஆனால், அதன் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது என்று கேட்டால், திட்டுகிறவருக்கும் தெரிவதில்லை, திட்டு வாங்குகிறவருக்கும் தெரிவதில்லை.

சங்கிலிச் சத்தமா?

இதற்குப் பலரும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து கைதிகளைக் காலில் சங்கிலி போட்டுக் கொண்டுவந்தார்களாம். அந்தச் சங்கிலி எழுப்பிய 'கிலிங் கிலிங்' ஓசையே பெயராகிவிட்டதாம். கைதிகள் கொண்டுவரப்பட்டது உண்மை. பெயர் அப்படி வந்தது என்பது உண்மையல்ல.

காலக்கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். ஆங்கிலேயர் பினாங்கில் காலூன்றியது 1786இல். மலாக்காவில் கம்போங் கெலிங் பள்ளிவாசல் கட்டப்பட்டதோ 1748இல். அதற்கும் முன்னதாக, 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துகீசியர் தோமே பிரஸ், அங்கிருந்த இந்திய வணிகர்களை இதே பெயரால்தான் குறிப்பிடுகிறார்.

கலிங்கத்திலிருந்து ஜொகூர் வரை

இன்றைய ஒடிசாவும் ஆந்திராவின் வடபகுதியும் சேர்ந்த பழைய நாடு கலிங்கம். அங்கிருந்து கடல் கடந்து வந்தவர்களைக் குறித்த பெயரே 'கெலிங்' ஆனது என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. நாளடைவில் அந்தப் பெயர் தென்னிந்தியர் அனைவருக்கும், குறிப்பாகத் தமிழருக்கு, உரியதாயிற்று. கம்போடியாவிலும் இந்தியரைக் குறிக்க இதே வேரிலிருந்து வந்த சொல் உண்டு.

பழைய மலாய் இலக்கியத்தில் இந்தச் சொல்லில் இழிவு இல்லை. 1612இல் ஜொகூர் அரசவையில் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் தொகுத்த 'செஜாரா மெலாயு', கெலிங் நாட்டிலிருந்து பெரும்படையுடன் வந்த ராஜா சூரானின் கதையைச் சொல்கிறது. ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதியில் இருந்த கருங்கல் கோட்டையை அவர் வென்றதாகவும் அது கூறுகிறது. 1025இல் இராஜேந்திர சோழன் நடத்திய கடாரப் படையெடுப்பின் நினைவே இந்தக் கதையாகியிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. 'ஹிக்காயாட் ஹங் துவா'விலும் ஹங் துவா கெலிங் நாட்டுக்குத் தூது போகிறார். அந்தக் காலத்தில் அது மன்னரும் வணிகரும் வாழ்ந்த ஒரு நாட்டின் பெயர்.

பெயர் எப்போது கெட்டது?

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. கைதிகளும் ஒப்பந்தக் கூலிகளும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பால்மரத் தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். கப்பல் முதலாளியைக் குறித்த சொல், சாலை போடுகிறவரையும் மரம் சீவுகிறவரையும் குறிக்கத் தொடங்கியது. உழைப்பாளியை இளக்காரமாகப் பார்த்த காலத்தில் அவருடைய பெயரும் இளக்காரமாயிற்று. வாக்குத் தவறுகிறவரையும் கூச்சல் போடுகிறவரையும் 'கெலிங்' என்ற சொல்லோடு சேர்த்துக் கேலி செய்யும் மலாய்த் தொடர்களும் புழக்கத்தில் இருந்தன.

எதிர்ப்பும் அப்போதே எழுந்தது. சிங்கப்பூரில் 'கிளிங் ஸ்திரீட்' என்றிருந்த தெரு, இந்தியர்களின் ஆட்சேபத்தால் 1920களின் தொடக்கத்தில் 'சூலியா ஸ்திரீட்' ஆனது. மேடானில் கம்போங் கெலிங் என்ற வட்டாரம் இன்று கம்போங் மெட்ராஸ் என்று அழைக்கப்படுகிறது. ஆனால், பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அது அங்கே வரலாறு. யாரையும் வைவதற்காக வைத்த பெயரல்ல.

அப்படியானால் வரலாற்றைக் காட்டி, 'இது பழைய சொல்தானே, ஏன் கோபம்?' என்று கேட்கலாமா? கூடாது. ஒரு சொல்லின் பொருளை அகராதி மட்டும் முடிவு செய்வதில்லை. அதைச் சொல்கிற தொனியும் சேர்ந்தே முடிவு செய்கிறது. கல்வெட்டிலும் பழைய நூலிலும் இருப்பது வேறு, ஒருவர் முகத்துக்கு நேரே வீசுவது வேறு. பிள்ளை வந்து கேட்டால், 'கெட்ட வார்த்தை, விடு' என்று மழுப்பாமல் இந்த இரண்டையும் எடுத்துச் சொல்வதே நல்லது. தன் பெயரின் பின்னால் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்த பிள்ளை தலைகுனியாது. அதே சமயம், யாராவது அப்படிக் கூப்பிட்டால் ஆசிரியரிடம் துணிந்து சொல்லவும் செய்யும்.

இன்னொன்றையும் வீட்டில் பேச வேண்டியிருக்கிறது. கட்டுமான இடத்திலும் உணவகத்திலும் வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளியை இன்று 'பங்ளா' என்று அலட்சியமாகக் கூப்பிடுகிறவர்களில் தமிழரும் உண்டு. அதுவும் ஒரு மொழியின், ஒரு நாட்டின் பெயர்தான். கடல் கடந்து கூலி வேலைக்கு வந்தவர் மீது அது வசவாக விழுகிறது. 'கெலிங்' கெட்டதும் இதே வழியில்தான். அந்த வலி தெரிந்தவர்களின் வாயிலிருந்து இந்தச் சொல் வரக்கூடாது.