புல்மோட்டைக் கறுப்பு மணலும் காலுக்குள் இருக்கும் தகடும்

திருகோணமலையிலிருந்து வடக்கே குச்சவெளி தாண்டிப் போனால் புல்மோட்டை. அங்கே கடற்கரை மணல் கறுப்பு. இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகிய கனியங்கள் கலந்த மணல் அது. 1997 செப்டம்பரில் இல்மனைட் ஏற்ற வந்த கப்பல் தாக்கப்பட்டது இந்தக் கடலில்தான். இன்றும் இல்மனைட் பெரும்பாலும் கனியமாகவே கப்பலேறுகிறது. அதிலிருந்து டைட்டேனியம் உலோகத்தைப் பிரிக்கும் ஆலை இலங்கையில் இல்லை.

அந்த உலோகம் வேறு வழியாக நம்மிடம் வந்து சேர்கிறது. ஷெல்லிலோ கண்ணிவெடியிலோ எலும்பு நொறுங்கியவர்கள் சிலரின் உடலுக்குள் டைட்டேனியக் கலப்புலோகத் தகடும் திருகாணியும் இருக்கின்றன. இத்தனை வருடமாக அது ஏன் துருப்பிடிக்கவில்லை? காற்றுப் பட்டதுமே இந்த உலோகத்தின் மேல் ஓர் ஒக்சைட் படலம் தானாகப் படிந்துவிடுகிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வரும் சில பங்குகள்தான். உடலின் உப்புநீர் உலோகத்தை அரிக்காமல் காப்பது இதுவே.

இவ்வளவு மெல்லியதை எப்படிப் பார்ப்பது? ஆஸ்பத்திரி எக்ஸ்ரே எலும்பின் நிழலைக் காட்டும். ஆய்வுகூடத்திலோ கதிர் சிதறும் கோணத்தை அளக்கிறார்கள். அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தால், அதாவது பளிங்காக இருந்தால், கதிர் சில கோணங்களில் மட்டும் பலமாகத் தெறிக்கும். கோணத்தை வைத்து அடுக்கைக் கண்டுபிடிக்கலாம். 1912இல் ஜேர்மனியில் தொடங்கிய முறை இது. ஆனால் கதிரை நேராக அடித்தால் அது உள்ளே போய்விடும், மேற்பரப்பின் செய்தி அமுங்கிப்போகும். ஆகவே ஒரு பாகைக்கும் குறைந்த சாய்வில் விடுகிறார்கள். தட்டைக்கல்லைக் கடல்மேல் சாய்த்தெறிந்தால் தாழாமல் தத்திப் போவதைத் துறைமுகக் கரையில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் அறியும். ஏறத்தாழ அதுதான்.

பிறகு உலோகத்தைச் சூடாக்கியபடியே அளக்கிறார்கள். சாதாரண வெப்பநிலையில் படலத்தின் அணுக்களுக்குப் பெரிதாக ஒழுங்கில்லை. கூர்மையான தெறிப்பு வராது. சூடு ஏற ஏற வரிசை பிடிக்கின்றன. 600 பாகை செல்சியஸ் அளவில் வரும் கோணங்கள் பெரும்பாலும் ரூட்டைலுக்குரியவை. புல்மோட்டை மணலில் கிடக்கும் அதே ரூட்டைல்! தூய டைட்டேனியம் என்றால், 882 பாகையில் அடியிலிருக்கும் உலோகமே தன் அடுக்கை மாற்றிக்கொள்ளும்.

இது வெறும் ஆர்வத்துக்கான கணக்கல்ல. அளவாகச் சூடாக்கிய மேற்பரப்பு தேய்மானத்தைத் தாங்கும். மிஞ்சினால் படலம் தடித்து உரிந்துவிடும்.

மணலில் என்ன கனியம் இருக்கிறது என்று பார்க்கச் சாதாரண எக்ஸ்ரே சிதறல் கருவி போதும். மேற்பரப்பை இப்படி நுணுக்கமாகத் தொடர மிகப் பலமான கதிர் வேண்டும். இந்தியாவில் இந்தூரிலுள்ள இண்டஸ்-2 அப்படிப்பட்ட நிலையம். இலங்கையில் அதுபோன்ற ஒன்று இல்லை.