ஓடிப் பழகும் இளைஞருக்குப் போதிய ஆகாரம்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. இவ்வட்டாரத்தில் இரண்டாம் நிலைக் காவலர் பணியை நாடி வைகறையில் ஓடிப் பழகும் இளைஞர் பலர். தேர்வில் ஆடவர் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடித்தல் வேண்டும். தேநீரை மட்டும் அருந்தி ஓடிச் சில வாரங்களில் சோர்ந்து, பயிற்சியையே கைவிடுவோரும் உளர்.

60 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 600 கலோரி செலவாகும். அன்றாட உணவுக்கு மேல் இது வேண்டும். 50 கிராம் கேழ்வரகு மாவிட்ட ஒரு சொம்புக் கூழ் வயிற்றை நிரப்பும். தருவதோ 160 கலோரியே. கூழைக் குறை கூறவில்லை. அதில் நீரே மிகுதி.

நம் மானாவாரி நிலங்களில் விளையும் நிலக்கடலையில், உலர்ந்த பருப்பு 100 கிராமுக்குச் சுமார் 560 கலோரியும் 25 கிராம் புரதமும் உண்டு. ஊறவைத்தோ அவித்தோ, சிறிது வெல்லத்துடன், ஓட்டம் முடிந்தபின் இருவேளையாக உண்ணலாம். ஓடுமுன் ஒரு வாழைப்பழம் போதும். பூஞ்சணம் பிடித்த பருப்பை வறுத்தாலும் நஞ்சு முற்றும் நீங்காது, எறிந்துவிடுக. நியாயவிலைக் கடை அரிசியும் பருப்பும் கைவசமிருக்க, டப்பாவில் அடைத்த மாவுக்காகக் கடன்படுவது வீண்.

பஞ்சாயத்து அங்கத்தினர் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து இளைஞருக்கு மாதம் 30 கிலோ பருப்பு, அதாவது சுமார் 43 கிலோ காய் வேண்டும். அறுவடைக் களத்திலேயே உழவர்கள் ஆளுக்குச் சில படி ஒதுக்கினால், நன்கு உலர்த்திச் சேமித்து வைக்கலாம்.