31 ஒன்றுகள் சேர்ந்த எண்! தெரியுமா?

2,14,74,83,647. வாசிக்கவே மூச்சு வாங்குகிறதா? இதையே இரும எண்முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள். நடுவே பேருக்குக்கூட ஒரு பூஜ்ஜியம் கிடையாது! சதுரங்கப் பலகையில் 1, 2, 4, 8 என்று இரட்டித்து நெல்மணி வைத்தால், 31ஆம் கட்டம் முடியும்போது பலகையில் இருப்பது மிகச் சரியாக இத்தனை மணிகள்தான்.

இது பகா எண் என்பது தெரியுமா? 1772இல் நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர். முந்தைய ஆண்டுதான் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. அதன்பின் பார்வை ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. அந்த நிலையில் இந்தக் கணக்கு! சாதாரணமாக இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லரோ குறுக்குவழி கண்டார். இதை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே தீரும். சோதிக்க வேண்டியவை 372ஆகச் சுருங்கின! 249? அது மூன்றால் வகுபடும், தள்ளிவிடலாம். 311? பகா எண், வகுத்துப் பார்க்கத்தான் வேண்டும். மீதி 35. அடுத்தது!

இந்த எண்ணை 2இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் ஒரு நிறைவெண் கிடைக்கும். 6 = 1+2+3 என்பதுபோல, தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டலுக்குச் சமமான எண். இதில் 19 இலக்கங்கள். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று 1811இல் அடித்துச் சொன்னார் கணிதர் பீட்டர் பார்லோ. 1876இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா கொண்டுவந்த பகா எண்ணுக்கே 39 இலக்கங்கள். அதிலிருந்து பிறந்த நிறைவெண்ணுக்கு 77! பாவம் பார்லோ.

கணினியிலும் நம் எண் தலைகாட்டும். குறியுடன் எழுதும் 32 பிட் எண்ணில் ஒரு பிட் (இரும இலக்கம்) கூட்டலா கழித்தலா என்று சொல்லப் போய்விடும். மீதி 31. ஆகவே அதன் உச்சமும் அதே 2,14,74,83,647தான்! 2014இல் 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வைகள் இந்த வரம்பைத் தாண்டின. யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியது.

இன்னொன்று பாக்கி. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணும் பழைய 32 பிட் கருவிகளில், 2038 ஜனவரி 19 காலை, நம் நேரப்படி 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இந்த எண் வந்து நிற்கும். திருத்தாத கருவி அடுத்த நொடியே 1901 டிசம்பருக்குத் தாவிவிடும்!

குறியுடன் எழுதும் 64 பிட் எண்ணின் உச்சமோ 9,223,372,036,854,775,807. அதில் 63 ஒன்றுகள். அதுவும் பகா எண்ணாக இருக்குமோ என்று ஆய்லரைக் கூப்பிட வேண்டாம். 7ஆல் வகுபடுகிறது, அதுவும் இரண்டு முறை!