மாப்பொருளும் மட்கும் ஏடும்

சோறு வடித்த கஞ்சி கலத்தின் விளிம்பில் வழிந்து காய்ந்துவிட்டால், அவ்விடத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய ஏடு ஒன்று படிந்திருக்கும். நகத்தால் கிள்ளினால் அது உரிந்து வரும், மடித்தால் முறியும், நீர்பட்டால் குழையும். ஈர மண்ணில் இட்டால் நுண்ணுயிர்கள் அதனை விரைவில் உண்டு தீர்த்துவிடும். பாலித்தீன் பையோ பல்லாண்டுகள் மண்ணிற் கிடப்பினும் மட்குவதில்லை. நிலத்தினுள் நீர் இறங்காமல் தடுப்பதும், கால்நடைகளின் வயிற்றிற் சென்று தங்கி அவற்றை மாய்ப்பதும் அதுவே. ஆதலின், கஞ்சி ஏட்டின் மட்கும் இயல்பையும் பாலித்தீனின் உறுதியையும் ஒருங்கே பெற்ற பொருளை ஆக்குதல் கூடுமோ என்னும் வினா அறிவியலாரிடையே எழுந்தது.

முதலிற் கண்ட வழி எளியது. ஆயின் பயன் தரவில்லை. 1970களிலும் 1980களிலும் பாலித்தீனுடன் சிறிதளவு மாப்பொருளைக் கலந்து பைகள் செய்தனர். அவை மட்கும் பைகள் என்றே விற்கப்பட்டன. மண்ணிற் புதைத்தபோது நுண்ணுயிர்கள் மாப்பொருளை மட்டும் உண்டன. பாலித்தீன் துணுக்குகளாகச் சிதறி அங்கேயே நின்றது. கண்ணுக்குத் தெரிந்த குப்பை கண்ணுக்குத் தெரியாத குப்பையாயிற்று, அவ்வளவே. பொறுக்கி எடுத்தற்கேனும் இயலும் பழைய பையே இதனினும் மேல் எனலாம்.

எனவே, மாப்பொருளையே முதற்பொருளாகக் கொள்ள வேண்டுமென்பது தெளிவாயிற்று. மரவள்ளி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மாவை நீரும் கிளிசரினும் சேர்த்துச் சூடேற்றிப் பிசைந்தால், அது பிளாஸ்டிக் போல் வளைந்து கொடுக்கும். ஆயினும், அது ஈரத்தை எளிதில் உறிஞ்சும். நாளடைவில் விறைத்தும் போகும். இரவில் எஞ்சிய சோறு காலையில் விறைத்திருப்பதும் இக்காரணம் பற்றியே.

மண்சுவர் எழுப்புவோர் மண்ணுடன் வைக்கோலை வெட்டிப் போட்டுக் குழைப்பர். வைக்கோல் சுவரை வெடிக்காமற் பிடித்து நிறுத்தும். இவ்வாறு சேர்க்கப்படுவதையே நிரப்புப்பொருள் என்பர். 1907ஆம் ஆண்டில் பேக்லண்டு என்பார் கண்ட பேக்கலைட்டிலும் மரத்தூள் கலக்கப்பட்டது. தென்னை நார், சணல், உமி ஆகியன இவ்வினத்தன. சேலம் பகுதிச் சவ்வரிசி ஆலைகளில் மாவு எடுத்தபின் எஞ்சும் திப்பியும் இத்தகையதே. நார்ப்பொருளும் மாப்பொருளும் குளுக்கோசு என்னும் ஒரே செங்கல்லால் ஆனவை. அடுக்கிய முறையே வேறு. அதனால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று நன்கு பற்றிக்கொள்ளும். எண்ணெய்த் தன்மையுள்ள பாலித்தீனோடு நார் அவ்வாறு ஒட்டுவதில்லை.

நிரப்புப்பொருளின் துகள் சிறுத்தால் பிடிப்பு மிகும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகும். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கியதில் ஒரு கூறு. இத்துணை நுண்ணிய துகளை அரைத்துப் பெறுதல் அரிது. இதற்கு வழி மாப்பொருள் மணியினுள்ளேயே அமைந்திருந்தது. அம்மணியில் நெருங்கி அடுக்கிய பகுதியும் நெகிழ்ந்த பகுதியும் வெங்காயத் தோல் போல் மாறி மாறி உள்ளன. கந்தக அமிலம் நெகிழ்ந்த பகுதியை முன்னர்க் கரைக்கும். நெருங்கிய பகுதி எஞ்சி நிற்கும். மாவை இவ்வமிலத்தில் நெடுநாள் ஊறவைக்கும் முறையை நேகலி என்னும் தாவர நூலார் 1874ஆம் ஆண்டிலேயே எழுதினார். எஞ்சிய படிகத் துகள்களைப் பிற பொருளுக்கு உறுதியூட்டப் பயன்படுத்தலாமென்பதைப் பிரான்சு நாட்டுக் கிரநோபிள் நகர ஆய்வாளர்கள் 1996இல் காட்டினர். மக்காச்சோள வகையொன்றிற் பெற்ற துகள்கள் 6 முதல் 8 நானோமீட்டர் தடிப்புள்ள தட்டுகளாக இருந்தன. ஏட்டினுள் இத்தட்டுகள் பரவிக் கிடப்பதால், ஊடுருவும் நீராவி நேரே செல்லவியலாது சுற்றி வளைந்து செல்ல நேர்கிறது. ஏட்டின் உறுதியும் மிகுகிறது.

இதில் இடர்ப்பாடும் உண்டு. 40 பாகை வெப்பத்தில் ஐந்து நாள் ஊறவைத்தாலும், 100 கிராம் மாவிலிருந்து ஏறத்தாழ 15 கிராம் துகளே கிடைக்கிறது. பின்னர் அமிலம் நீங்கக் கழுவுதற்கு நீர் மிகுதியாக வேண்டும். மேலும், துகளும் மாப்பொருளே ஆதலின், கொதிநீரிற் கூழாகிவிடும். ஆகவே முதலில் மாவைக் கூழாக்கி, அது ஆறிய பின்னரே துகளைச் சேர்ப்பர். ரப்பர்ப் பாலுக்கு இவ்வச்சமில்லை. அதில் நீர் இயல்பாகவே உள்ளது. சூடேற்றாமலே துகளைக் கலந்து உலரவிடலாம். அவ்வாறு உலர்ந்த ஏடு தனி ரப்பரினும் உறுதியாயிருக்கிறது. டயர்களுக்கு வலுவூட்டக் கல்நெய்யிலிருந்து பெறும் கரித்தூளைக் கலப்பர். அது செய்யும் வேலையை மாவின் துகள் இங்கு ஓரளவு செய்துவிடுகிறது.